கூட்டினால் ஒத்துவராத வோல்ட்டேஜ்: ஏசியில் ரெசிஸ்டரும் கண்டன்சரும், அளந்து கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

வியாசர்பாடியில் மாலை வேளையில் ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பியின் நோட்டைப் பார்த்தேன். சப்ளை 13.2 வோல்ட், ரெசிஸ்டரில் 8.1 என்று எழுதியிருந்தான். கண்டன்சருக்கு நேரே 10.4 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 5.1 என்று எழுதியிருந்தான். "ஏன் அடிச்சே?" என்றேன். "மூணு தடவை அளந்தேண்ணே, 10.4தான் வருது. ஆனா கூட்டினா 13.2 வரலையே" என்றான்.

அவன் அளந்தது சரி. அடித்ததுதான் தப்பு. மீட்டர் சொன்ன உண்மையைக் கணக்குக்காக மாற்றிவிட்டான். ஏறக்குறைய எல்லாரும் இடறும் இடம் இதுதான். இடறாமல் போக என்ன வரிசையில் செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறேன். பாடப்புத்தகம் மின்தேக்கி என்று சொல்வதைக் கடையில் கண்டன்சர் என்று கேட்டு வாங்குகிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

1. முதலில் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயருக்கும் ஒவ்வோர் ஓர ஒயருக்கும் இடையே 12 வோல்ட் தருவது), 500 மில்லி ஆம்பியர். ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 வாட். சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் இரண்டு. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். முதலைவாய் கிளிப் போட்ட ஒயர் நாலைந்து. ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். ஃபேன் கண்டன்சர் நம் தெரு எலக்ட்ரிக்கல் கடையிலேயே இருக்கும்.

நேராக 230 வோல்ட்டில் செய்து பார்க்க வேண்டாம். பிளக்கிலிருந்து ரெசிஸ்டர் வரை எங்கே கை பட்டாலும் ஷாக் அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மெயினுக்கும் நம் மேசைக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிரைமரி பக்க (230 வோல்ட் நுழையும் பக்க) இணைப்புகளை டேப் சுற்றி மூடி, அந்தப் பக்கம் ஒரு ஃபியூஸும் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கண்டன்சர் ஃபேனுடையதாக இருக்கட்டும் என்று நான் சொல்ல ஒரு காரணம் உண்டு. அது ஏசிக்கென்றே செய்தது. மேலே 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்கும், பிளஸ் மைனஸ் கிடையாது. டிவி, ஆம்ப்ளிஃபையர் போர்டிலிருந்து பிடுங்கிய உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. அதை ஏசியில் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் தலைகீழாக வோல்ட்டேஜ் ஏறும். சூடாகி, உப்பி, வெடிக்கவும் செய்யும். "மைக்ரோ ஃபாரட் ஒண்ணுதானேண்ணே" என்று எடுத்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு.

2. பொருளைத் தனியாக அளந்து எழுதுங்கள்

ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்கம் என்று பட்டை இருந்தால் 1000 ஓம், 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 950லிருந்து 1050க்குள் எதுவும் சரக்குதான். எனவே பட்டையை நம்பாமல், எதிலும் இணைக்கும் முன்பே மீட்டரில் ஓம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சர்க்யூட்டில் இருக்கும்போது ஓம் பார்த்தால் மற்ற பாதைகளும் சேர்ந்து வேறு எண் வரும்.

கண்டன்சரைக் கையில் எடுக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஓடிய ஃபேனிலிருந்து கழற்றியது என்றால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கலாம். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தொட்டுப் பொறி பறக்கவிடுவது பலருக்குப் பழக்கம். அது முனையையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை, கிளிப்பில் பிடித்து, ஒரு விநாடி இரண்டு முனைகளிலும் வைத்தால் போதும், காலியாகிவிடும்.

3. ஒரே வரிசையில் கோர்த்தல்

டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர், அதிலிருந்து ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கண்டன்சர், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் ஓர் ஓர ஒயர். இவ்வளவுதான். பயன்படாத இன்னோர் ஓர ஒயரின் நுனியில் டேப் சுற்றுங்கள். கிளிப்பில் அது பட்டால் கணக்கெல்லாம் மாறிவிடும்.

ஏன் தொடராகத் தொடங்குகிறோம்? ஒரே பாதைதான் இருக்கிறது, ஆகவே ரெசிஸ்டரில் போகும் கரண்ட்தான் கண்டன்சரிலும் போகிறது. எந்த நொடியிலும், எந்தக் கணத்திலும் இரண்டிலும் ஒரே கரண்ட். இனி வரும் எல்லாக் கணக்கும் இதைப் பிடித்துத்தான் நகரும்.

4. மூன்று வோல்ட்டேஜ், ஒரே மூச்சில்

மீட்டர் ஏசி வோல்ட்டில் இருக்கட்டும். டிசியில் வைத்தால் சைபரை ஒட்டித்தான் காட்டும், "சப்ளையே இல்லண்ணே" என்பார்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக யாராவது கரண்ட் அளந்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அந்த நிலையில் வோல்ட்டேஜ் பார்க்கப் போனால் மீட்டர் வெறும் ஒயர் மாதிரி ஷார்ட் அடித்துவிடும். நம் 12 வோல்ட்டில் மீட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ கெடுவதோடு போகும், மெயினில் உயிருக்கே ஆபத்து.

சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சப்ளையை அளந்து எழுதுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 12 என்று போட்டிருந்தாலும் லோடு குறைவாக இருக்கும்போது 13க்கு மேல் காட்டுவது வழக்கம். என் மேசையில் அன்று 13.2. அப்புறம் ரெசிஸ்டரின் இரு முனைகளில், அப்புறம் கண்டன்சரின் இரு முனைகளில். முடிந்ததும் சப்ளையை இன்னொரு முறை பாருங்கள். எங்கள் பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டால் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். முதல் அளவும் கடைசி அளவும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எடுத்த இரண்டையும் நம்ப முடியாது, திரும்ப எடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. சாதாரண மீட்டரும் சரி, நாம் போடப்போகும் கணக்கும் சரி, சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலைக்கு உரியவை.

கிடைத்த எண்கள்: சப்ளை 13.2, ரெசிஸ்டரில் 8.15, கண்டன்சரில் 10.38. அந்தத் தம்பிக்கு வந்ததும் இதேதான். விலை குறைந்த மீட்டர்களில் பலவற்றில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச் இருக்கும், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்தான் காட்டும். கடைசி இலக்கம் தள்ளாடவும் செய்யும். அப்படிப்பட்ட மீட்டர்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு ஓர ஒயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா எண்ணும் இரு மடங்காகும், பிழையின் பங்கு பாதியாகும். அப்போது ரெசிஸ்டர் கால் வாட்டாக இருந்தால் தாங்காது, அதில் 0.27 வாட் எரிகிறது. 1 வாட் வாங்கச் சொன்னது அதனால்தான்.

5. இங்கே நேராகக் கூட்டக் கூடாது

8.15ஐயும் 10.38ஐயும் கூட்டினால் 18.53. சப்ளையோ 13.2. ஐந்து வோல்ட்டுக்கு மேல் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. இந்த இரண்டு வோல்ட்டேஜும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை.

ரெசிஸ்டரில் கரண்ட் எப்போது உச்சமோ அப்போது வோல்ட்டேஜும் உச்சம். கண்டன்சர் அப்படி இல்லை. அதன் வோல்ட்டேஜ் மாறிக்கொண்டிருக்கும்போதுதான் கரண்ட் ஓடும். வோல்ட்டேஜ் உச்சியில் ஒரு கணம் ஏறாமல் இறங்காமல் நிற்கும்போது கரண்ட் சைபர். வோல்ட்டேஜ் சைபரைத் தாண்டி வேகமாக ஏறும்போது கரண்ட் உச்சம். ஆகவே கண்டன்சரின் வோல்ட்டேஜ் கரண்ட்டுக்குக் கால் சுற்று பின்னால் வருகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி விநாடி, கால் சுற்று 5 மில்லி விநாடி.

இதைக் கண்ணால் பார்ப்பது போல ஒரு சுற்றை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் அளவு, அதாவது முழுச் சுற்றுக்கும் சேர்த்து எடுத்த ஒருவகைச் சராசரி. அதை 1.414ஆல் பெருக்கினால் உச்சம். ரெசிஸ்டருக்கு 11.53, கண்டன்சருக்கு 14.68, சப்ளைக்கு 18.67.

கரண்ட் உச்சத்தில் இருக்கும் கணத்தில் ரெசிஸ்டரில் 11.53 வோல்ட், கண்டன்சரில் 0. அந்தக் கணத்தில் சப்ளையும் 11.53. அடுத்து 5 மில்லி விநாடி கழித்து ரெசிஸ்டரில் 0, கண்டன்சரில் 14.68, சப்ளையும் 14.68. இவை இரண்டுக்கும் நடுவே, தொடக்கத்திலிருந்து 2.88 மில்லி விநாடியில் நிறுத்திப் பார்த்தால் ரெசிஸ்டரில் 7.12, கண்டன்சரில் 11.54. கூட்டினால் 18.66. கடைசி இலக்கம் போக, சப்ளையின் உச்சம் அதுவேதான்.

பாருங்கள், ஒவ்வொரு கணத்திலும் நேர்க் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு சுற்றில் உள்ள வோல்ட்டேஜ்களைக் கூட்டினால் சப்ளை வர வேண்டும் என்னும் கிர்ச்சாஃப் விதி எங்கும் உடையவில்லை. மீட்டர் கணத்தைக் காட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் முழுச் சுற்றுக்கான ஒரே எண்ணைத் தருகிறது, எது முன்னே எது பின்னே என்பதைச் சொல்வதில்லை. நேரம் தொலைந்த இரண்டு எண்களைக் கூட்டினால் ஒத்துவராது.

அப்படியானால் எப்படிக் கூட்டுவது? பாரிமுனையிலிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே நடந்து, தங்கசாலைத் தெருவில் வடக்கே திரும்பிப் போகிறோம் என்று வையுங்கள். கால் நடந்தது இரண்டு தெருவின் நீளமும். காக்கா பறந்து வந்தால் குறுக்கே, அதைவிடக் குறைவு. ரெசிஸ்டரின் வோல்ட்டேஜ் ஒரு தெரு, கண்டன்சரின் வோல்ட்டேஜ் அதற்குக் குத்தாகத் திரும்பும் தெரு, சப்ளை காக்கா பறக்கும் தூரம். கால் சுற்று என்பது 90 டிகிரி, அதனால்தான் குத்துத் திருப்பம். செங்கோண முக்கோணக் கணக்கு போதும்.

8.15 × 8.15 = 66.4. 10.38 × 10.38 = 107.7. கூட்டினால் 174.1. வர்க்கமூலம் 13.2. வந்துவிட்டது.

கால்குலேட்டரில் வரிசை முக்கியம். தனித்தனியே வர்க்கம், அப்புறம் கூட்டல், கடைசியில் மூலம். முதலில் கூட்டிவிட்டு வர்க்கம் போட்டு மூலம் எடுத்தால் பழைய 18.53தான் திரும்பி வரும். இந்தத் தவறை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

6. தாளில் கணக்கிடும்போது கரண்ட்டிலிருந்து தொடங்குங்கள்

அளக்காமல், இன்ன பொருளுக்கு இன்ன வோல்ட்டேஜ் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றால் நான்கு படிகள்.

முதல் படி, கண்டன்சரின் மின்மறுப்பு. கரண்ட்டைக் கண்டன்சர் எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓமில் சொல்லும் எண் இது. 1ஐ 2 × 3.1416 × அதிர்வெண் × கொள்ளளவு என்பதால் வகுக்க வேண்டும். நம் ஊர் சப்ளை எப்போதும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு குறுக்குவழி: 3183ஐ மைக்ரோ ஃபாரட்டால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 2.5 மைக்ரோ ஃபாரட்டுக்கு 1273 ஓம். சூத்திரத்தில் நேராகப் போடுகிறவர்கள் மைக்ரோவை மறந்து 2.5 என்றே போட்டுவிடுகிறார்கள். 0.0013 ஓம் என்று விடை வரும், அதைச் சந்தேகப்படாமல் மேலே போகிறார்கள். எண் வந்ததும் ஒரு நிமிடம் நின்று, இது நடக்கக்கூடியதா என்று பாருங்கள்.

இரண்டாவது, மொத்த எதிர்ப்பு. 1000ஐயும் 1273ஐயும் இதே முக்கோண முறையில் சேர்க்க வேண்டும்: 1619 ஓம்.

மூன்றாவது, கரண்ட். 13.2 ÷ 1619 = 8.15 மில்லி ஆம்பியர்.

நான்காவது, அந்தக் கரண்ட்டை 1000ஆல் பெருக்கினால் ரெசிஸ்டரின் வோல்ட்டேஜ் 8.15, 1273ஆல் பெருக்கினால் கண்டன்சரின் வோல்ட்டேஜ் 10.38. ரெசிஸ்டர் சரியாக 1 கிலோ ஓம் என்றால் அதில் வரும் வோல்ட்தான் மில்லி ஆம்பியரில் கரண்ட். இதனால் கரண்ட்டை அளக்க மீட்டரைத் தொடராகப் போட வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது படியில் ஒரு பள்ளம் இருக்கிறது, மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் கவனிக்கச் சொல்வேன். 1000ஐயும் 1273ஐயும் நேராகக் கூட்டி 2273 என்று எடுத்தால் கரண்ட் 5.81 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 5.81 வோல்ட், கண்டன்சரில் 7.39 வோல்ட். இரண்டையும் கூட்டினால் சரியாக 13.2! தாளில் எல்லாம் அழகாகப் பொருந்தும், ஆனால் ஒரு எண்கூட மீட்டரோடு ஒத்துப்போகாது. தவறான வழி தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது என்பதால், தாளை மட்டும் பார்த்தால் பிடிபடாது. அதனால்தான் அளவை முதலிலும் கணக்கைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

கோணம் தேவைப்பட்டால், கண்டன்சரின் வோல்ட்டேஜை ரெசிஸ்டரின் வோல்ட்டேஜால் வகுங்கள். 1.273, அதற்குக் கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) எடுத்தால் 51.9 டிகிரி. சப்ளை வோல்ட்டேஜ் கரண்ட்டுக்கு அவ்வளவு பின்தங்குகிறது. மேலே 2.88 மில்லி விநாடி என்று சொன்னேனே, அது இந்தக் கோணம்தான், 20 மில்லி விநாடியில் அதன் பங்கு.

7. அப்படியும் ஒத்துவரவில்லை என்றால்

அரை வோல்ட் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுங்கள். மீட்டரின் பிழையும் கண்டன்சரில் அச்சிட்ட அளவிலிருந்து 5 சதவீத விலகலும் சேர்ந்தால் அவ்வளவு வரும். அதற்கு மேல் போனால் காரணம் இருக்கிறது.

கண்டன்சரில் முழுச் சப்ளையும், ரெசிஸ்டரில் சைபரும் காட்டினால் கண்டன்சர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் விட்டிருக்கிறது. ரெசிஸ்டரில் முழுச் சப்ளை, கண்டன்சரில் சைபர் என்றால் கண்டன்சர் ஷார்ட். ராயபுரம், காசிமேடு பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் கிளிப்பின் பல்லையும் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்த கிளிப் பிடித்தது போலவே இருக்கும், தொடர்பு இருக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகும்.

வர்க்கம் போட்டுக் கூட்டியும் சப்ளையைவிடக் குறைவாக வருகிறதா? இரண்டு சந்தேகம். ஒன்று, பழைய கண்டன்சர் கசிகிறது. கசியும் கண்டன்சர் பாதி ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும், திருப்பம் 90 டிகிரியாக இருக்காது. புதியதைப் போட்டால் சரியாகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மீட்டரே கரண்ட்டை இழுப்பது. நம் 1 கிலோ ஓமில் இது தெரியாது. ஒருவர் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 0.0033 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் போட்டுவிட்டு, எந்த எண்ணும் கணக்கில் வரவில்லை என்று திகைத்து நின்றார். விலை குறைந்த மீட்டரின் உள் தடை ஏசியில் சில லட்சம் ஓம்தான் இருக்கும். அதை 10 லட்சம் ஓமுக்குப் பக்கத்தில் இணைத்தால் கரண்ட்டில் பெரும்பங்கு மீட்டர் வழியாகவே போய்விடும். எதை அளந்தாலும் குறைத்தே காட்டும். பழகும்போது சில கிலோ ஓமுக்குள்ளேயே இருங்கள்.

8. இதை வைத்து ஃபேன் கண்டன்சரைச் சோதித்தல்

கோடையில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வருபவர்களில் பலருக்குக் கண்டன்சர் தேய்ந்திருக்கும். மேலே 2.5 என்று அச்சு இருக்கும், உள்ளே அவ்வளவு மிச்சம் இருக்காது. கொள்ளளவு காட்டும் மீட்டர் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம்.

கழற்றி, டிஸ்சார்ஜ் செய்து, நம் 1 கிலோ ஓமோடு கோர்த்து அளங்கள். ஒரு பழைய கண்டன்சரில் எனக்கு ரெசிஸ்டரில் 5.31, கண்டன்சரில் 12.08 வந்தது. முதலில் வர்க்கக் கூட்டலைச் சரிபாருங்கள்: 28.2 + 145.9 = 174.1, மூலம் 13.2. ஆகவே கசிவு இல்லை, அளவு மட்டும் குறைந்திருக்கிறது. கரண்ட் 5.31 மில்லி ஆம்பியர். 12.08 வோல்ட்டை 0.00531 ஆம்பியரால் வகுத்தால் 2275 ஓம். 3183 ÷ 2275 = 1.4 மைக்ரோ ஃபாரட். ஏறக்குறைய பாதி போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்.

சரிபார்ப்பை விட்டுவிட்டு நேரே கடைசி வகுத்தலுக்குப் போகாதீர்கள். கசியும் கண்டன்சருக்கும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு எண்ணைத் தரும், அதற்கு அர்த்தம் இருக்காது.

9. 230 வோல்ட்டில் இதே தவறு என்ன செய்யும்

இது தாளில் மட்டும் செய்ய வேண்டிய பகுதி. பர்மா பஜாரில் வாங்கிய 110 வோல்ட், 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றை என்னிடம் படித்த ஒரு பையன் வீட்டில் 230 வோல்ட்டில் ஓட்ட நினைத்தான். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கக் காசு இல்லை, ஒரு கண்டன்சரைத் தொடராகப் போட்டு மிச்ச வோல்ட்டேஜை அதில் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

230இல் 110 போக 120. கரண்ட் 25 ÷ 110 = 0.227 ஆம்பியர். 120 ÷ 0.227, சுமார் 528 ஓம். 3183 ÷ 528 = 6 மைக்ரோ ஃபாரட். கண்டன்சரை வாங்கிப் போட்டான். சில நிமிடத்தில் முனை சிவந்து, கைப்பிடி உருகத் தொடங்கியிருக்கிறது. கையில் பட்ட சூட்டுக் காயத்தோடு மறுநாள் வந்து நின்றான்.

நடந்தது இதுதான். அயர்ன் 484 ஓம் ரெசிஸ்டர். 484ஐயும் 528ஐயும் முக்கோணமாகச் சேர்த்தால் 716 ஓம், கரண்ட் 0.321 ஆம்பியர். அயர்னில் விழுந்தது 155 வோல்ட். வாட் கணக்கில் 50, இரு மடங்கு. சரியான கணக்கில் கழித்தலும் வர்க்கத்தில்தான் நடக்க வேண்டும்: 230இன் வர்க்கம் 52,900, 110இன் வர்க்கம் 12,100, கழித்தால் 40,800, மூலம் 202 வோல்ட். கண்டன்சர் தாங்க வேண்டியது 120 வோல்ட் அல்ல, 202 வோல்ட். மின்மறுப்பு 889 ஓம், கொள்ளளவு 3.6 மைக்ரோ ஃபாரட்.

கணக்கு சரியானாலும் நான் அவனை அதைச் செய்ய விடவில்லை. கண்டன்சர் வோல்ட்டேஜைக் குறைக்குமே தவிர மெயினிலிருந்து பிரிக்காது. அயர்னின் உலோகத்தில் பேஸ் வந்துவிட்டால் கையில் ஷாக் அப்படியே அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டுவைக்கவில்லை என்றால், கண்டன்சரில் தேங்கிய வோல்ட்டேஜ் பிளக்கின் பின்னைத் தொடும் விரலில் இறங்கும். அந்த 110 வோல்ட் அயர்னை ஓரமாக வைத்துவிட்டு 230 வோல்ட் அயர்ன் ஒன்றை அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

10. பக்கவாட்டில் இணைத்தால்

ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் ஒன்றுக்கொன்று இணையாகப் போட்டால் இரண்டிலும் சப்ளை வோல்ட்டேஜேதான். அங்கே முக்கோணம் கரண்ட்டுக்குப் போய்விடும். தொடர்ச் சுற்று கைவந்த பிறகு இதற்கு வாருங்கள், புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

11. நீங்களே செய்து பார்க்க

ஒவ்வொன்றையும் முதலில் இணைத்து அளந்து எழுதுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள், அப்புறம்தான் கீழே உள்ள விடையைப் பாருங்கள். மூன்றிலும் சப்ளை 13.2 என்று வைத்திருக்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாறும். இணைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள்.

ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமாக மாற்றி, அதே 2.5 மைக்ரோ ஃபாரட்: ரெசிஸ்டரில் 11.42, கண்டன்சரில் 6.61.

1 கிலோ ஓமோடு, இரண்டு கண்டன்சர்களையும் இணையாகச் சேர்த்து 5 மைக்ரோ ஃபாரட்: ரெசிஸ்டரில் 11.14, கண்டன்சரில் 7.09.

1 கிலோ ஓமோடு, இரண்டு கண்டன்சர்களையும் தொடராகக் கோர்த்து 1.25 மைக்ரோ ஃபாரட்: ரெசிஸ்டரில் 4.83, இரண்டு கண்டன்சர்களையும் சேர்த்து அளந்தால் 12.29. இதில் மட்டும் ஒவ்வொரு கண்டன்சரையும் தனியாகவும் அளந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 6.14 அல்லது 6.15 வரும், கூட்டினால் 12.29. இங்கே வர்க்கம் வேண்டாம், நேராகவே கூடும். இரண்டும் கண்டன்சர், இரண்டும் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகின்றன.